மரைன் டேங்கில் புழு: பார்த்ததும் செய்யக்கூடாதவை

ராத்திரி பதினொரு மணிக்குப் பாறசாலையிலிருந்து நண்பர் போன் செய்தார். வீட்டுத் தொட்டியில் உப்புநீர் நிரப்பிக் கடல்மீன் வளர்க்கிறவர். "அண்ணே, தொட்டியில பூரான் மாதிரி ஒண்ணு ஊருது. கல்லையெல்லாம் எடுத்து வெயில்ல போட்டிரட்டா?" காலை வரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, களியக்காவிளையிலிருந்து பைக்கை எடுத்தேன்.

டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றி அடித்துப் பார்த்தோம். வெள்ளை வெளிச்சம் பட்டால் புழு சட்டென்று உள்ளே போய்விடும், சிவப்புக்கு அவ்வளவாக மிரளாது. விரல் நீளம், இளஞ்சிவப்பு உடம்பு, இரண்டு பக்கமும் வரிசையாக வெள்ளை முள் கொத்து. மீன் தின்னாமல் விட்ட தீனியைக் கல் இடுக்குக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. சாதாரண பிரிசல் வார்ம். நம் கைக்கு எட்டாத இடத்தில் அழுகும் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பது இதுதான்.

கல்லை வெயிலில் காயப்போட்டிருந்தால் புழுவோடு அதிலுள்ள பாக்டீரியாவும் செத்திருக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சைச் சமாளிப்பதே அந்த பாக்டீரியாதான். காய்ந்த கல்லைத் திரும்பத் தொட்டியில் வைத்தால், செத்ததெல்லாம் அழுகி, புழு கொல்லாத மீனை அம்மோனியா கொன்றுவிடும்.

செத்த மீன்மேல் புழு மொய்ப்பதைப் பார்த்து, புழுதான் கொன்றது என்று முடிவு கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் மீன் செத்த பிறகுதான் அவை வந்திருக்கும். முதலில் அம்மோனியா, உப்பின் அளவு, வெப்பம் மூன்றையும் பாருங்கள். புழு திடீரென்று பெருகினால் நீங்கள் போடும் தீனி அதிகம் என்று அர்த்தம். தீனியைக் குறைத்தால் அதுவும் குறையும்.

வெறும் கையால் பிடிக்கவே கூடாது. முள் தோலில் ஏறி ஒடிந்து, கம்பளிப்பூச்சி பட்டதுபோல எரியும். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். செலோடேப்பை ஒட்டி உரித்து முள்ளை எடுத்துவிட்டு வினிகர் தடவுங்கள். பாதி உடம்பு கல்லுக்குள் இருக்கும்போது இடுக்கியால் இழுத்து அறுப்பதும் வீண்வேலை. இந்த இனத்தில் பல, அறுந்த துண்டிலிருந்தே மறுபடி வளரும்.

இணையப் படங்களில் பவளத்தைத் தின்னும் தாடிவைத்த ஃபயர் வார்மைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் வாழ்வது. நம் பக்கத்துக் கல்லில் அதைத் தேட வேண்டியதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது யூனிஸ் வகை. வானவில் மினுக்கும் உடம்பு, தலையில் ஐந்து உணர்கொம்பு, பக்கவாட்டில் வெள்ளைக் கொத்து துருத்திக்கொண்டிருக்காது. இதில் பாபிட் வார்ம் என்ற பெரியது 3 மீட்டர் வரை வளரும், மீனையே கவ்வும். அது எந்தக் கல்லில் இருக்கிறது என்று இரவில் கண்டுபிடித்து, அந்தக் கல்லை மட்டும் வாளிக்கு மாற்றினால் போதும்.

குழாய் கட்டி வாழ்பவற்றிலும் குழப்பம் வரும். கண்ணாடியில் 2, 3 மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளைச் சுருளாக ஒட்டியிருப்பது குழாய்ப்புழு, ஒரு தீங்கும் இல்லை. சற்றுப் பெரிய குழாயிலிருந்து சிலந்தி நூல்போலச் சளி வலை வீசினால் அது புழுவே அல்ல, வெர்மிடிட் என்ற நத்தை. பவளத்தை உறுத்தும். குழாய் வாயைச் சூப்பர் குளூ ஜெல் வைத்து அடைத்துவிடுங்கள். விசிறி விரிக்கும் ஃபெதர் டஸ்டர் என்ற குழாய்ப்புழு விசிறியை உதிர்த்துவிட்டால் செத்தது என்று தூக்கிப் போடாதீர்கள். அலைக்கழிந்தால் உதிர்க்கும், பிறகு புதிதாக முளைக்கும்.

துருநிறத் தட்டைப்புழுவில்தான் நானே பெரிய தவறு செய்தேன். சின்னச் செதில் அளவு, வாலில் மூன்று நுனி. வெளிச்சத்தில் வேகமாகப் பெருகி, பவளத்தின்மேல் படர்ந்து ஒளியை மறைக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தபோது மருந்தை நேரடியாக ஊற்றினேன். புழுக்கள் கூட்டமாகச் செத்தன. சாகும்போது அவை விடும் நஞ்சில் சாயங்காலத்துக்குள் நான்கு மீன்கள் போயின. இன்றும் அது மனதில் உறுத்துகிறது.

முதலில் ஏர் டியூபால் உறிஞ்சி முடிந்தவரை வெளியே எடுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி உறிஞ்சுங்கள். எண்ணிக்கை நன்றாகக் குறைந்த பிறகுதான் மருந்து. தண்ணீரிலுள்ள நஞ்சை உறிஞ்சும் புதிய கார்பனும், மாற்றுவதற்கு உப்புநீரும் பக்கத்தில் தயாராக இருக்கட்டும். புழு சாகச் சாக உறிஞ்சி எடுத்து, உடனே தண்ணீர் மாற்றி, கார்பனை ஓடவிடுங்கள்.

நண்பரின் தொட்டிக்குப் புழு வந்த வழியும் அன்றே தெரிந்தது. விழிஞ்ஞத்தில் வாங்கிய சிப்பிக் கொத்தை அழகுக்கென்று அப்படியே உள்ளே வைத்திருந்தார். கொத்தைப் பிரித்தால் நார்களுக்கு நடுவே இன்னும் மூன்று புழு. கடலிலிருந்து பவளக்கல்லை எடுத்து வருவதோ இதைவிடப் பெரிய தவறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். புதுத் தொட்டியை, உயிர் எதுவும் ஒட்டாத காய்ந்த கல்லில் தொடங்குங்கள். கடையில் வாங்கிய லைவ் ராக் (உயிர்கள் ஒட்டியிருக்கும் கல்) என்றால் சில வாரம் தனி வாளியில் பம்ப் ஓடவிட்டு, இரவில் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் தொட்டிக்கு மாற்றுங்கள்.