கூடையைத் துரத்தாதீர்கள்: வானில் எரிபொருள் நிரப்பும்போது நேரும் தவறுகள்

கிளிநொச்சித் தேநீர்க்கடையில் போர்விமானம் பற்றிப் பேச்சு வந்தால், "கிபிர் மேலேயே எண்ணெய் நிரப்பிக்கொண்டுதான் திரும்பத் திரும்ப வந்தது" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் விடமாட்டார். முதலில் திருத்தவேண்டிய தவறு இது. கிபிர் கிளம்பிய கட்டுநாயக்கா விமானத்தளத்திலிருந்து கிளிநொச்சி நேர்கோட்டில் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஜெட்டுக்கு இருபது நிமிட ஓட்டம். போய் இறங்கி, நிரப்பி, மறுபடி வந்துவிடலாம். இலங்கை விமானப்படையிடம் பறக்கும் பவுசர் எதுவும் இருந்ததில்லை. பங்கருக்குள் குந்தியிருந்தவனுக்கு அது ஓயாமல் வருவதுபோலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

உண்மையில் வானில் நிரப்புவது இரண்டு விதம். அமெரிக்க விமானப்படை விறைப்பான நீள்குழாயைப் பயன்படுத்துகிறது. எரிபொருளைப் பெறுபவர் தன் இடத்தில் அசையாமல் பறந்தால் போதும். குழாயைச் செருகும் வேலை எரிபொருள் கொடுக்கும் தாங்கி விமானத்தில் இருப்பவருடையது. பிரித்தானியரும் இந்தியரும் அமெரிக்கக் கடற்படையும் வளையும் குழாயின் நுனியில் ஒரு கூடையைக் கட்டி விடுகிறார்கள். பெறும் விமானி தன் விமானத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழாய்முனையைத் தானே அதற்குள் செருகவேண்டும்.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். கண் கூடையிலேயே ஒட்டிக்கொள்கிறது. விமானத்தின் மூக்கு தள்ளும் காற்று கடைசி நொடியில் கூடையை ஒதுக்கும். விமானி அதன் பின்னால் திரும்புவார்; அதற்குள் கூடை பழைய இடத்துக்கு வந்துவிடும்; அவர் மறுபக்கம் திரும்புவார். ஆட்டம் ஒவ்வொரு முறையும் பெரிதாகும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் உழவு இயந்திரப் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓடியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பிடிக்கப்போகும் விளிம்பையே முறைத்துப் பார்த்தவன் பள்ளத்துக்குள் போனான். இயந்திரத்தைப் பார்த்து, அதன் வேகத்துக்கு வந்து, பிறகு கையை நீட்டியவன் பரந்தன்வரை மிதிக்காமல் போனான். விமானிக்கும் அதே பாடம்தான்: தாங்கி விமானத்தைப் பார், கூடை ஓரக்கண்ணில் இருந்தால் போதும். தவறினால் நேராகப் பின்வாங்கி, நிதானித்து, மறுபடி வா.

அடுத்தது அவசரம். தாங்கியைவிட மணிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், அதாவது நடை வேகம், கூடுதலாக இருந்தால் சரி. குறைந்தால் முனை பூட்டிக்கொள்ளாது. மிஞ்சினால் குழாய் தொய்ந்து, அதில் ஓர் அலை ஓடித் திரும்பி, சாட்டைபோல் அடித்து முனையை முறித்துவிடும். விறைப்பான குழாய் முறையிலும் வேகம் மன்னிக்காது. 1966 ஜனவரி 17ஆம் தேதி ஸ்பெயினின் பலோமாரெஸ் ஊருக்கு மேலே ஒரு பி-52 அமெரிக்கக் குண்டுவிமானம் தன் தாங்கியை மிகையான வேகத்தில் நெருங்கி மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். நான்கு ஐதரசன் குண்டுகள் கீழே விழுந்தன.

தாங்கி இருக்கிறதே என்று கடைசிச் சொட்டுவரை பறப்பதும் தவறு. கூடை பிடிபடாவிட்டாலும் ஏதாவதொரு ஓடுபாதைக்குப் போகுமளவு மிச்சம் இருக்கவேண்டும். 1982இல் ஆர்ஜென்டினாவுடன் நடந்த போரில் பிரித்தானியர் அசென்சன் தீவிலிருந்து போக்லாந்துக்கு ஒரே ஒரு வால்கன் குண்டுவிமானத்தை அனுப்ப 11 விக்டர் தாங்கிகளைப் பறக்கவிட்டார்கள். யார் பக்கம் நியாயம் என்பது கிடக்கட்டும், கணக்கைப் பாருங்கள். வால்கனுக்குக் கடைசியாகக் கொடுக்கவேண்டிய விக்டர், கொந்தளிப்பான வானத்தில் இன்னொரு விக்டரிடம் வாங்கும்போது அதன் முனை முறிந்தது. கொடுத்துக்கொண்டிருந்த விக்டரே எரிபொருளைத் திரும்ப வாங்கி அந்த இடத்துக்குப் போனது. வால்கனுக்குக் கொடுத்து முடித்தபோது, தான் அசென்சன் திரும்புவதற்கு அதனிடம் போதிய எரிபொருள் இல்லை. உதவி கேட்டால் வானொலி மௌனம் கலையும். போக்லாந்தின் ஸ்டான்லி ஓடுபாதையில் குண்டு போட்டாயிற்று என்ற செய்தி காதில் விழும்வரை அவர்கள் வாய் திறக்கவில்லை. அதன் பிறகே தங்களுக்கு ஒரு தாங்கி அனுப்பச் சொன்னார்கள்.