மூத்திரத்திலிருந்து வெள்ளை உரம் எடுப்பது எப்படி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்து ஆண்கள் கழிவறைக் குழாயை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே வெள்ளையாக, கல்லாக இறுகிக் கிடக்கும். அதில் ஸ்ட்ரூவைட் இருக்கும், மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு. குழாயை அடைக்கிற இந்தச் சனியன்தான் செடிக்கு நல்ல உரம், சுத்தமாக இருந்தால் எடையில் 12.6 சதவீதம் பாஸ்பரஸ். நேபாளத்தில் இதையே சின்ன அளவில் செய்து காட்டியிருக்கிறார்கள், வீட்டிலும் செய்யலாம்.

மூடி உள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் தோம்பு ஒன்று போதும். பித்தளை, செம்பு வேண்டாம், அம்மோனியா அரித்துவிடும். கழுவின தண்ணீர் கலக்காமல் மூத்திரத்தை மட்டும் சேர்த்து, நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டு வாரம் இறுக்கி மூடி வையுங்கள். யூரியா உடைந்து அம்மோனியா ஆகி, பிஎச், அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, 6லிருந்து 9 பக்கம் ஏறும். இந்தக் காரம் இல்லாவிட்டால் உப்பு இறங்காது, அதனால் அவசரப்படாதீர்கள். திறக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், மூக்கைத் தூக்கி அடிக்கும்.

அப்புறம் மக்னீசியம். எப்சம் உப்பு, அதாவது பழைய ஆட்கள் சொல்லும் பேதி உப்பு, 20 லிட்டருக்கு 50 கிராம் போல எடுத்து வெந்நீரில் கரைத்து ஊற்றிப் பத்து நிமிடம் கிண்டுங்கள். செம்பனைக்குப் போடுகிற கீசரைட்டும் மக்னீசியம் சல்பேட்தான், 30 கிராம் போதும், ஆனால் லேசில் கரையாது, எனக்கு அதோடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லை. கிண்டக் கிண்டக் கலங்கும், அப்படியே விட்டால் அடியில் வெள்ளைப் பொடி படியும். பழைய வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, நிழலில் காயப் போடுங்கள். அடுப்பிலோ தகரத்தின் மேலோ வைக்காதீர்கள், 55 டிகிரி தாண்டினால் அம்மோனியா பறந்துவிடும்.

கிடைப்பது 40, 50 கிராம்தான், இதற்கா இவ்வளவு பாடு என்று வீட்டில் கேட்பார்கள். ஆனால் தண்ணீரில் சட்டென்று கரையாத உரம் இது, நம்ம புளிப்பு மண்ணில் மெல்ல மெல்லக் கரைந்து வேருக்குப் போகும், மழை பெய்தாலும் அடித்துக்கொண்டு போகாது. மிளகாய்த் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி மண்ணோடு கலந்தால் போதும். இதில் பொட்டாசியம் கிடையாது, அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

வடித்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், நைட்ரஜன் பெரும்பாலும் அதில்தான் நிற்கிறது, பத்து மடங்கு தண்ணீர் கலந்து வாழைக்கு ஊற்றலாம். கீரைக்கு வேண்டாம். கையுறை போடுங்கள், பொடி நன்றாகக் காய்ந்த பிறகே தொடுங்கள், புழு முட்டை சில சமயம் அதிலும் தங்கும். தோம்பை மட்டும் குளோராக்ஸ் மாதிரி பிளீச் ஊற்றிக் கழுவிவிடாதீர்கள், அம்மோனியாவோடு சேர்ந்து விஷப் புகை வரும்; வெறும் தண்ணீர் போதும்.