குழம்புக்கு வாங்கிய திலாப்பியாவில் மீனின் உடலைப் படிக்கலாம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் காலைச் சந்தையில் முழுத் திலாப்பியா ஒன்று வாங்குங்கள். வெட்டாமல் அப்படியே தரச் சொல்லுங்கள். மீன்காரர் வயிற்றைச் சுத்தம் செய்துவிட்டால் பாதிப் பாடம் அவருடைய வாளியோடு போய்விடும்.

சந்தையை விட்டுக் கிளம்பும் முன் பாரி மீனை, அதாவது திருக்கையைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் இரு புறமும் ஐந்தைந்து பிளவுகள் மூடியில்லாமல் இருக்கும். பாரியும் சுறாவும் குருத்தெலும்பு மீன்கள். திலாப்பியாவுக்கும் கெம்போங்குக்கும், அதாவது கானாங்கெளுத்திக்கும், ஒரு பக்கத்துக்கு ஒரே செவுள் மூடிதான். இவை எலும்பு மீன்கள். உலகிலுள்ள 30,000-க்கும் மேற்பட்ட மீன் இனங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான். தாடையே இல்லாத லாம்ப்ரே போன்றவை மூன்றாவது பிரிவு. அவை நம் சந்தைக்கு வருவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலில் வெளிப்புறம். விலாவில் புள்ளி வைத்தாற்போல் ஒரு கோடு ஓடும். நீரின் அசைவை மீன் உணர்வது அதில்தான். திலாப்பியாவில் அது நடுவில் அறுந்து, மேலே ஒரு துண்டும் கீழே ஒரு துண்டுமாக இருக்கும்.

அடுத்தது செவுள். இங்கே அவசரப்படாதீர்கள். மூடியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தால் நான்கு வளைவுகள் தெரியும். ஒன்றை வெட்டித் தண்ணீர்க் கிண்ணத்தில் போடுங்கள். சிவப்பு இழைகள் பூவாக விரியும். வெளியே எடுத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்றில் 21 விழுக்காடு ஆக்சிஜன் இருந்தும் கரையில் மீன் மூச்சுத் திணறுவது இதனால்தான். நீருக்குள் இன்னொரு அழகான ஏற்பாடும் உண்டு. இழைகளுக்குள் இரத்தம், மேலே ஓடும் நீருக்கு எதிர்த்திசையில் பாய்கிறது. அதனால் கடைசிவரை இரத்தத்தைவிட நீரில்தான் ஆக்சிஜன் கூடுதலாக இருக்கும். இரத்தம் அதை விடாமல் வாங்கிக்கொண்டே போகும்.

தோட்டத்தில் அடைமழைக்குப் பிறகு, கலங்கிய கால்வாயில் கெலி மீன், அதாவது கெளுத்தி, நாள்கணக்கில் உயிரோடு கிடப்பதைச் சின்ன வயதில் பார்த்து வியந்திருக்கிறேன். செவுளுக்கு மேலே மரக்கிளை போன்ற ஓர் உறுப்பு அதற்கு உண்டு. நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே சுவாசிக்கும்.

இனி வயிறு. கழிவுத்துளையில் தொடங்கித் தொண்டை வரை, கத்தரிக்கோல் முனையை மேல்நோக்கிப் பிடித்து, ஆழமில்லாமல் வெட்டுங்கள். செவுளுக்குக் கீழே சின்ன இதயம் இருக்கும். முக்கிய அறைகள் இரண்டுதான். சுருள் சுருளாக வரும் குடலைப் பிரித்து நீட்டினால் மீனைவிடப் பல மடங்கு நீளம். பாசி தின்னும் மீனுக்கு அது தேவை. முதுகெலும்பை ஒட்டி வெள்ளையாக இருப்பது காற்றுப்பை. நீந்தாமலே ஒரே ஆழத்தில் நிற்க உதவுவது அதுதான்.

அதற்கும் மேலே கருஞ்சிவப்பாக ஒரு பட்டை தெரியும். இரத்தக்கட்டி என்று நாம் சுரண்டி எறிவது அதைத்தான். அது சிறுநீரகம். ஆற்று மீனின் உடம்பில் உப்பு கூடுதல். வெளிநீர் செவுள் வழியே ஓயாமல் உள்ளே புகும். அதை வெளியேற்றுவதே இந்தப் பட்டையின் வேலை. கடலில் வாழும் கெம்போங்குக்கு நிலைமை தலைகீழ்: அது கடல்நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளும்.

இப்போது மஞ்சள் போட்டுக் கழுவிக் குழம்பு வையுங்கள். தலையை மட்டும் எறிந்துவிடாதீர்கள். வெந்த மண்டையைப் பிரித்தால் மூளைக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கற்கள் அகப்படும். மீன் கேட்பதற்கும் உடல் சாயாமல் நிற்பதற்கும் உதவும் காதுக்கற்கள் அவை. பிள்ளைகளின் உள்ளங்கையில் வைத்துக் காட்டுங்கள்.