புலனுணர்வு அறை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறப்புக் கல்வித் தேவையுள்ள குழந்தைகளுக்காகப் பள்ளியில் புலனுணர்வு அறை (ஒளி, ஒலி, தொடுதல், அசைவு வழியாகப் புலன்களைத் தூண்டவோ அமைதிப்படுத்தவோ உதவும் கருவிகள் உள்ள அறை) அமைப்பது என்று முடிவானதும், பெரும்பாலும் முதலில் வந்து சேர்வது விற்பனையாளரின் விலைப்பட்டியல்தான். குமிழித் தூண் (நீருக்குள் குமிழிகள் எழும் ஒளிரும் குழாய்), இழை விளக்கு (ஒளிரும் மெல்லிய இழைகளின் கொத்து), பந்துக் குளம் என எல்லாம் அடங்கிய 'செட்' ஒன்றை இறக்கிவிட்டு, எந்தக் குழந்தைக்கு எது என்று அதன் பிறகுதான் யோசிக்கிறார்கள். மிக்ஸி சத்தத்துக்கே காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையும், உடம்புக்கு அழுத்தம் தேடி ஓயாமல் சுவரில் மோதும் குழந்தையும் அதே அறைக்குத்தான் வரப்போகிறார்கள். யார் எதைத் தேடுகிறார், எதைக் கண்டு விலகுகிறார் என்பதைப் பெற்றோரிடமும் சிறப்பாசிரியரிடமும் அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே பணத்தைத் தொட வேண்டும்.

அடுத்த தவறு, இருப்பதையெல்லாம் ஒரே நேரத்தில் போட்டுவிடுவது. இத்தகைய அறைகளுக்கு முன்னோடியான 'ஸ்னூசலன்' முறை 1970களில் நெதர்லாந்தில் உருவானது. மோப்பம் பிடித்துத் தேடுவது, கண்ணயர்வது என்ற பொருளுள்ள இரண்டு டச்சுச் சொற்களை இணைத்து அந்தப் பெயரை வைத்தார்கள். தன் போக்கில் தேடுவதும் இளைப்பாறுவதும்தான் நோக்கம். ஆனால் திறப்பு விழாவன்று விளக்கும் இசையும் குமிழியும் ஒன்றாக ஓடுவதைப் பார்த்து வந்தவர்கள் வியக்க, குழந்தை மட்டும் மூலையில் ஒடுங்கிக்கொள்கிறது. கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 முதல் 12 வயது வரையிலான 41 ஆட்டிசக் குழந்தைகளைக் கவனித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், கருவிகளை இயக்கும் கட்டுப்பாடு குழந்தையிடமே இருந்தபோது கவனம் கூடியதும், திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் குறைந்ததும் தெரியவந்தன. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு கருவி போதும். அதன் சுவிட்ச் குழந்தையின் கைக்கு எட்ட வேண்டும்.

விளக்கிலும் நிதானம் தேவை. ஒளியால் தூண்டப்படும் வலிப்புள்ளவர்களுக்கு நொடிக்கு 3 முதல் 30 தடவை வரையிலான மினுக்கல் ஆபத்தானது. மலிவான எல்இடி பட்டைகளின் ரிமோட்டில் அப்படி மினுக்கும் பொத்தான் ஒன்று தவறாமல் இருக்கும். பழைய சோக் பொருத்திய டியூப்லைட்டின் ரீங்காரமும் சில குழந்தைகளுக்குத் தாங்க முடியாதது.

நம் ஊரில் என்னை அதிகம் அச்சுறுத்துவது ஊஞ்சல்தான். வீட்டில் தூளி கட்டிப் பழகிய துணிச்சலில், மின்விசிறிக்கென்று கூரையில் விட்ட கொக்கியிலேயே பயிற்சி ஊஞ்சலையும் மாட்டிவிடுகிறார்கள். அந்தக் கொக்கி சில கிலோ எடையைத் தொங்கவிடுவதற்காக வைத்தது. 30 கிலோ எடையுள்ள குழந்தை 60 பாகை வரை உயர்ந்து ஆடினால், ஊஞ்சல் கீழே வரும் கணத்தில் கொக்கியை இழுக்கும் சுமை 60 கிலோ ஆகிறது. குதித்து ஏறினால் இன்னும் கூடும். சுழற்சியில் கயிறு முறுக்கி உராய்வது வேறு. கட்டடப் பொறியாளர் கூரையைப் பார்த்து ஒப்புதல் தரட்டும். அது ஓட்டுக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ என்றால் தரையில் நிற்கும் இரும்புச் சட்டத்தில்தான் ஊஞ்சலைக் கட்ட வேண்டும்.

உடம்புக்கு அழுத்தம் தர உள்ளே எடை வைத்துத் தைத்த கனமான போர்வையையும் 'அமைதி தரும்' என்ற விளம்பரத்தை நம்பிப் பயன்படுத்தக் கூடாது. 2008இல் கனடாவின் கியூபெக்கில், பள்ளியில் அப்படியொரு போர்வைக்குள் சுற்றப்பட்ட 9 வயது ஆட்டிசச் சிறுவன் உயிரிழந்தான். குழந்தை தானாகவே உதறி எழக்கூடிய எடைதான் வேண்டும்; தலையை மூடவே கூடாது.

தொட்டு விளையாடத் தரும் நீர்மணிகள் (தண்ணீரில் ஊறிப் பெருக்கும் சிறு ஜெல் உருண்டைகள்) விழுங்கினால் குடலுக்குள் ஊதிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் அமேசான், வால்மார்ட் போன்ற பெரிய கடைகளே குழந்தைகளுக்கான நீர்மணி விற்பனையை நிறுத்துவதாக 2023இல் அறிவித்தன. வாசனைக்கென்று கற்பூரம் வைப்பதும் வேண்டாம். கொஞ்சம் வாயில் போனாலும் வலிப்பு வரக்கூடும்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் அறையைப் பயன்படுத்தும் விதத்தில் அது கெட்டுப்போகும். பாடம் முடித்தால் பரிசு, அடம் பிடித்தால் உள்ளே தனிமை என்று மாற்றிவிட்டால், பதற்றம் ஏறும் வேளையில் குழந்தை அங்கே போகத் தயங்கும். கதவின் வெளிப்புறத்தில் தாழ்ப்பாள் இருந்தால், அறையைத் திறக்கும் முன் அதைக் கழற்றிவிடுங்கள்.