உண்ணிக் காய்ச்சல்: ஸ்லைடு பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பயிற்சிக்கு வந்த பெண் ஒரு நாயின் ரத்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு, ‘கிருமி இல்லை’ என்று எழுதப் போனாள். தடுத்துவிட்டேன். பத்து வருடம் முன்பு நானும் அதையேதான் எழுதினேன். பெயர் ஒட்டாத குழாய், உறைந்த ரத்தம் பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை, அவை உடனே தெரிந்துவிடும்.

காலில் எடுத்த ரத்தம், ஒரே ஸ்லைடு

அப்போது நான் பார்த்தது ஒரு ராஜபாளையம் நாய். காய்ச்சல், மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை, காதுக்குள் உண்ணி. முன்னங்கால் நரம்பில் ரத்தம் எடுத்து, ஸ்லைடில் மெல்லியதாகத் தேய்த்த ஸ்மியரின் நடுப்பகுதியை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்து, ‘கிருமி இல்லை’ என்று கொடுத்தேன். அந்தத் தாளை நம்பி வீட்டில் பசி டானிக் கொடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் ஈறு சுண்ணாம்பாக வெளுத்து, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போக, தூக்கி வந்தார்கள். காது நுனியில் குத்தி, முதல் சொட்டில் ஸ்மியர் போட்டேன். அதன் வால் ஓரத்தில், அதாவது தேய்ப்பு மெலிந்து முடியும் இடத்தில், செவ்வணுக்களுக்குள் சின்னச் சின்ன வளையங்கள். பபீசியா ஜிப்சோனி, உண்ணி பரப்பும் கிருமி. வேறு நாயின் ரத்தம் ஏற்றித்தான் பிழைத்தது.

கிருமி புகுந்த செவ்வணுக்கள் நுண்குழாய்களில் தேங்கும். அதனால்தான் காது நுனி. நாள்பட்ட நோயில் அங்கும் சிக்காமல் போகலாம், அப்போது கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனையைக் கேளுங்கள். தாளில் ‘பார்த்தவரை தென்படவில்லை’ என்று எழுதுங்கள். ‘இல்லை’ என்று படித்தால் மருத்துவர் வேறு நோயைத் தேடப் போய்விடுவார். 1910-இல் பேட்டன் இந்தக் கிருமியை விவரித்ததே சென்னை வேட்டை நாய்களிடமிருந்துதான். இந்த ஊரில் இருந்துகொண்டு இதை நாம் தவறவிடலாமா?

வெறும் ‘பபீசியா’ என்று எழுதுவது

பேரிக்காய் வடிவில் பெரிதாக, ஜோடியாக இருந்தால் அநேகமாக வோகெலி என்ற இன்னொரு பபீசியா. சின்ன வளையம் என்றால் ஜிப்சோனி. பெரியதற்குப் போடும் ஊசி சின்னதை முழுக்க ஒழிக்காது. அதற்கு அட்டோவக்குவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பார்கள். கிருமி பெரியதா சின்னதா என்று கட்டாயம் குறிப்பிடுங்கள்.

கிட்டை மட்டும் நம்புவது

எர்லிக்கியாவும் உண்ணி பரப்பும் கிருமிதான். அதற்கான கிட் பெரும்பாலும் எதிர்ப்பொருளைத்தான் காட்டும். தொற்றிய முதல் ஒன்றிரண்டு வாரம் நெகட்டிவ் வரலாம். குணமான பிறகும் பல மாதம் பாசிட்டிவ் காட்டும். பிளேட்லெட் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய சாயம்

ஜீம்சா சாயத்தை அன்றன்று கலக்குங்கள். படிந்த சாயத்துகள் கிருமி போலவே இருக்கும்.

ஊசி போட்ட பிறகு ரத்தம் எடுப்பது

முதலில் ரத்தம், அப்புறம் ஊசி.

உடம்பில் உண்ணி இல்லையே என்று விடுவது

கடித்துவிட்டு விழுந்திருக்கும்.