‘அப்புறம் பார்க்கலாம்’ வேண்டாம்: சிறைக்காவல் பணிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

கடலூர் கேப்பர் மலைச் சிறைக்கோ புதுச்சேரி காலாப்பட்டுச் சிறைக்கோ புதிதாகப் பணிக்குப் போகும் பிள்ளைகள் சிலர் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக்கு வந்து பேசிவிட்டுப் போவார்கள். பூட்டைச் சரிபார்ப்பது, தலை எண்ணுவது எல்லாம் பயிற்சியில் பழகிவிடுகிறது, பேச்சுதான் வரமாட்டேன் என்கிறது என்பார்கள். 28 வருடம் வார்டராகவும் ஏட்டாகவும் இருந்தவன் நான். அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், கூப்பிடும் விதம். நம் மொழியில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. ‘இங்க வாடா’ என்பதற்கும் ‘செல்வம், இங்க வாங்க’ என்பதற்கும் ஆகும் நேரம் ஒன்றுதான். அப்பா வயதுக்காரரை ‘டேய்’ என்றால் அவர் தலையைக் குனிந்துகொண்டு வருவார். ஆனால் ராத்திரி பிளாக்கில் யார் யாரை அடிக்கப்போகிறார்கள் என்பது காதில் விழுந்தாலும் உங்களிடம் வந்து சொல்லமாட்டார். பெயர் சொல்லுங்கள், ‘வாங்க’ போடுங்கள். சின்னப் பையன் என்றால் ‘தம்பி’ போதும். ஊரைக் கேட்கலாம், சாதியைத் துருவக்கூடாது. சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றமே 2024 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது.

அடுத்தது, தலைப்பில் உள்ள சொல். என் முதல் பணியிடத்தில் ஒரு விசாரணைக் கைதி, “ஐயா, என் வாய்தா என்னைக்கு?” என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றேன். மத்தியானச் சாப்பாட்டில் தட்டைச் சுவரில் அடித்துவிட்டார். பிளாக் முழுக்கக் கூச்சல், அவர் கையில் நான்கு தையல். தேதி பதிவேட்டில்தான் இருந்தது. எடுத்துப் பார்த்துச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அந்தத் தையலுக்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதனால் தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். கூடவே ஒரு நேரமும் சொல்லுங்கள்: “எனக்குத் தெரியல, கேட்டுட்டு நாலு மணிக்குள்ள சொல்றேன்.” சட்டைப்பையில் சின்ன நோட்டு வைத்து, பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பதில் கிடைக்காவிட்டாலும் நாலு மணிக்குப் போய், “இன்னும் தெரியல” என்று சொல்லிவிட்டு வாருங்கள். பலர் தவறவிடுவது இந்த இரண்டாவது நடையைத்தான்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது இதை முழுதாகப் புரிந்துகொண்டேன். செல்போன் வேலை செய்யவில்லை, கரண்ட் இல்லை. உள்ளே இருந்தவர்களில் பலர் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர்க்காரர்கள். கூரை நிற்கிறதா, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தவித்தார்கள். எங்கே மரம் விழுந்து கிடக்கிறது, எந்த ரோடு திறந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பணிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டு, பிளாக் பிளாக்காகப் போய்ச் சொன்னோம். நல்ல சேதி ஒன்றுகூட இல்லை. அழுதார்கள், ஆனால் ஒருத்தரும் கம்பியைத் தட்டவில்லை.

ஒருவர் கோபத்தில் கத்தும்போது நேர் எதிரே நிற்காதீர்கள். இரண்டு கை தூரம் விட்டுச் சற்றுப் பக்கவாட்டில், கைகள் அவர் கண்ணுக்குத் தெரியும்படி நில்லுங்கள். அவரைவிடக் குரலைத் தாழ்த்தி, “என்ன ஆச்சு, சொல்லுங்க” என்று ஒரே ஒரு கேள்வி. பதிலை முழுதாகச் சொல்லவிடுங்கள். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் அவரால் இறங்கி வர முடியாது. மற்ற காவலர் பார்வையிலேயே இருக்கும்படி கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசுங்கள். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐ.நா. 2015இல் ஏற்ற மண்டேலா விதிகளும் பேசிச் சமாதானப்படுத்தும் முறையைக் காவலர் பயிற்சியில் சேர்க்கச் சொல்கின்றன.

மறுப்பதையும் நேராகச் செய்யுங்கள். பீடி, வெளியே சேதி கொண்டுபோவது, போன் — எல்லாவற்றுக்கும் முதல் நாளே ‘முடியாது’. ஒருமுறை வளைந்தால் அப்புறம் உங்கள் பேச்சு எடுபடாது. வழக்கைப் பற்றி ‘விட்டுடுவாங்க’ என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லாதீர்கள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும் என்று சொல்லி, மனு எழுத ஏற்பாடு செய்து கொடுங்கள்.

ஜாமீன் கிடைக்காமல் கோர்ட்டிலிருந்து திரும்பியவர், வீட்டார் மனு பார்க்க, அதாவது நேரில் சந்திக்க, வராமல் போனவர், சிறைக்குள் முதல் நாள் ராத்திரியைக் கழிப்பவர் — இந்த மூவரையும் தனியாகக் கவனியுங்கள். சாப்பாட்டைத் தொடவில்லை, தன் சாமான்களை மற்றவர்களுக்குக் கொடுக்கிறார் என்றால் உங்களுக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். உடனே மேலதிகாரியிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். ஷிப்ட் முடிந்து சாவியை ஒப்படைக்கும்போது, அடுத்து வரும் காவலரிடம் அவர் பெயரையும் அறை எண்ணையும் வாயாலும் சொல்லுங்கள், நோட்டிலும் எழுதிக் காட்டுங்கள். அதற்கப்புறம் வீட்டுக்குக் கிளம்புங்கள்.