‘சரிங்க’ என்ற பதிலை நம்பி ஸ்பிரிண்ட் போடாதீர்கள்

சாப்ட்வேர் டீம்கள் சில வார வேலையை ஒரு தவணையாகத் திட்டமிடுவதுதான் ஸ்பிரிண்ட்; தினமும் கூடிப் பேசும் சிறு கூட்டம் ஸ்டாண்டப். “வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமா?” என்று அந்த ஸ்டாண்டப்பில் கேட்டால் எங்கள் கோவைப் பக்கத்துப் பிள்ளைகள் “சரிங்க, முடிச்சிடலாங்க” என்பார்கள். பெரியவர் கேட்டால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழக்கமில்லை. சரவணம்பட்டியில் நான் பார்த்துக்கொண்ட ஒரு டீமில் இப்படித்தான் ஒரு பெண் மூன்று நாளும் சரிங்க என்றாள். நான்காம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்த்தேன். முதல் நாள் வந்த எரர் அப்படியே நின்றது. தவறு என்னுடையது. எல்லார் முன்னாலும் தேதியைக் கேட்டேன், எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்கவில்லை.

ஸ்டாண்டப்பை மேனேஜரிடம் கணக்கு ஒப்பிக்கிற இடமாக ஆக்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அந்தப் பதினைந்து நிமிடம் டெவலப்பர்கள் தங்களுக்குள் இன்றைய வேலையைத் திட்டமிட்டுக்கொள்வதற்கானது. நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகளையே ஸ்பிரிண்ட்டும் இந்தத் தினசரிக் கூட்டமும் அடங்கிய ஸ்க்ரம் முறையின் 2020 கையேடு எடுத்துவிட்டது. இங்கே இன்னும் அதை மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். மேனேஜர் ஒரு வாரம் பேசாமல் நின்று பாருங்கள். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள்.

ஸ்டோரி பாயின்ட்டை, அதாவது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீம் உத்தேசமாகப் போடும் எண்ணை, வைத்து ஆளை எடை போடாதீர்கள். அப்ரைசலில் அது வந்துவிட்டால் மூன்று பாயின்ட் வேலை எட்டாகிவிடும், அடுத்தவருக்கு உதவவும் ஆள் இருக்காது.

அப்புறம், ஆறு பேர் டீமுக்கு அறுபது பேர் டீமின் நடைமுறை எதற்கு? 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் கூடி, வேலையைச் சிறு சிறு பகுதியாக முடித்துக் காட்டி மாற்றிக்கொண்டே போகும் அஜைல் முறைக்கான அறிக்கையை எழுதிய 17 பேரில் ஒருவர் அலிஸ்டர் கோபர்ன். ஆள் எண்ணிக்கைக்கும் வேலையின் ஆபத்துக்கும் தக்கபடி முறை மாற வேண்டும் என்பதுதான் அவருடைய கிறிஸ்டல் முறைகளின் அடிப்படை. ஒரே அறையில் இருக்கும் ஆறு பேருக்கு நாற்காலியைத் திருப்பிப் பேசினாலே பாதி வேலை ஆகிவிடும். அதற்கும் டிக்கெட் போட்டு, அதாவது சிஸ்டத்தில் பதிவு செய்து, கேட்கச் சொல்லாதீர்கள்.

பயன்படுத்துகிறவரைப் பார்க்காமலே கட்டுவது இன்னொன்று. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவுக்கு டேப்லெட்டில் என்ட்ரி போடும் ஆப் செய்தோம். டெமோவில் முதலாளிக்குப் பிடித்துப்போனது. இரண்டு மாதம் கழித்து நேரில் போனால், செக்கிங் அக்காக்கள் டேபிள் ஓரத்தில் நோட்டு வைத்துக் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் சூப்பர்வைசர் ஒருவர் எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுவாராம்.

“ஒரு கையில துணி இருக்குதுங்க, இந்தப் பட்டன் சின்னதா இருக்குதுங்க” என்றார் ஒரு அக்கா.

டிசைன் செய்த பையனை அடுத்த வாரமே பஸ் ஏற்றி அந்த டேபிளுக்கு அனுப்பினேன். அரை நாள் நின்று பார்த்துவிட்டு வந்தான். ஒன்பது பட்டன் இருந்த ஸ்கிரீனில் மூன்றுதான் மிஞ்சியது.